ஒருவரும் கழற்ற முடியாத கூரை

எங்கள் வீட்டுக் கூரையைக் காண்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதென்ன, வீட்டுக்கு மேலை றோட்டுப் போட்டிருக்கிறியளோ?" ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கம் சொன்னேன். பிறகு, "ஓம், பின்னேரம் பஸ்ஸும் ஓடும், ஏறுறியளோ?" என்று கேட்கத் தொடங்கினேன். எனக்கு வாய் கூட என்று அம்மா ஏசுவார். கூடத்தான். அந்தக் கூரைக்காக எங்கள் வீட்டில் நடந்த இழுபறிக்கு நடுவில் வாயையும் மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு விசர் பிடித்திருக்கும்.

முதலில் இருந்த கூரை சிவப்பு ஓடு. அப்பா வேலணைத் தீவில் புகையிலைத் தோட்டம் செய்தவர். நல்ல விளைச்சல் கண்ட வருடங்களில் சிறுகச் சிறுகப் போட்ட கூரை அது. சண்டைக்குள் தீவை விட்டு ஓடி, யாழ்ப்பாணம், வன்னி என்று அலைந்து, தொண்ணூற்றாறின் கடைசியில் நாங்கள் திரும்பி வந்தபோது சுவர்கள் மட்டும் நின்றன. ஓடு இல்லை, கைமரம் இல்லை, கதவு நிலைகூட இல்லை. நடு அறைக்குள் எருக்கலை ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அம்மா வாசலில் குந்தியிருந்து தலையிலடித்து அழுதார். அப்பா அழவில்லை. குனிந்து தரை முழுக்கத் தேடினார். ஓர் ஓட்டுத் துண்டுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

"ஒண்டையும் உடைக்கேல்லை," என்றார். "கவனமாக் கழட்டி அடுக்கிக் கொண்டு போயிருக்கிறாங்கள்."

களவெடுத்தவனை மெச்சுகிறாரோ என்று எனக்குக் கொதி வந்தது. பிறகுதான் விளங்கியது. உடையாத ஓடு எங்கேயோ ஒரு கூரையில் முழுதாகக் கிடக்கிறது. கிடக்கிற சாமான் ஒருநாள் திரும்பி வரும். அதுதான் அவருடைய நம்பிக்கை. அன்றிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் போனால் யன்னல் கரையில்தான் இருப்பார். தெருவில் போகிற சனத்தைப் பார்க்க மாட்டார், கூரைகளையே பார்த்துக்கொண்டு வருவார். சில இடங்களில் ஆசனத்தை விட்டு எழும்பியும் பார்ப்பார். "ஓடு எல்லாம் ஒரே மாதிரித்தானே அப்பா" என்றால், "என்ரை ஓடு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிவிடுவார். எனக்குச் சிரிப்பும் வரும், நெஞ்சும் எரியும்.

வளவுக்குள் பனையோலையால் ஒரு கொட்டில் போட்டு அதற்குள் இருந்தோம். வீட்டுக்கு வேறு கூரை போடுவோம் என்று அம்மா கதை எடுத்தாலே அப்பா எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார். வேறொன்றைப் போட்டால் தன் ஓட்டைக் கைவிட்டதாகிவிடும் என்று அவர் நினைத்தார். வருடங்கள் போயின. சுவருக்குள் மழை பெய்தது, வெயில் எறித்தது, ஆடுகள் வந்து படுத்தன. நாங்கள் கொட்டிலுக்குள் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஒரே ஓர் அண்ணை. சண்டை தொடங்கிய காலத்திலேயே கனடாவுக்குப் போனவர். அங்கே என்ன வேலை என்று கேட்டால் "கட்டிட வேலை" என்று மட்டும் சொல்வார். சமாதான காலம் என்று நாங்கள் சொல்கிற அந்தக் கொஞ்ச வருடங்களில், கொழும்புப் பாதை திறந்ததும், அவர் வந்தார். தான் வர முன்னமே கப்பலில் சாமான் அனுப்பியிருந்தார். கொழும்பில் அதை எடுத்து, பிளைவுட் பலகையும் அங்கேயே வாங்கி, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் நானும் ஏறிக்கொண்டேன். கட்டுக் கட்டாகக் கறுப்புத் தட்டுகள். தார் பூசி, மேலே குறுணிக் கல்லை ஒட்டி வைத்தது போல இருந்தன. கனடாவில் வீட்டுக் கூரைக்கு இதுதான் என்றார். தன் வேலையே இதைப் போடுவதுதான் என்று அன்றைக்குத்தான், அதுவும் லொறிக்குள் இருந்து, வெளியே பார்த்தபடி சொன்னார்.

பண்ணைப் பாலத்தடியில் நேவிக்காரர் லொறியை மறித்தார்கள். ஓர் இளந்தாரி ஏறி, ஒரு கட்டைப் பிரித்து, முகர்ந்து பார்த்துவிட்டு, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"சிங்கிள்ஸ்," என்றார் அண்ணை.

அவன் முகம் மாறிவிட்டது. "சிங்கள? என்ன சிங்கள?"

"நோ, நோ. சிங்கிள்ஸ்! றூஃப், றூஃப்!" அண்ணை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூராகச் சேர்த்துப் பிடித்துக் காட்டினார். அவன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் எடுத்தான். நல்லகாலம், இங்கிலிஷ் தெரிந்த ஒரு பெரியவன் வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, போ என்று கையைக் காட்டினான். பாலம் முடியும்வரைக்கும் அண்ணை அவன் பிரித்த கட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். 

வீட்டுக்கு வந்து இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் வராது. அன்று தொடங்கி, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், "மோன் கொண்டு வந்த சிங்களக் கூரை" என்றே ஊருக்குச் சொல்லித் திரிந்தார். அப்பா அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அண்ணை அப்பாவுக்கு முன்னால் நிலத்தில் ஒரு தட்டை விரித்துப் போட்டு, எப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏறும், எங்கே ஆணி விழும் என்று காட்டினார். வெயில் பட்டால் உள்ளே இருக்கிற தார் இளகி, மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒட்டிவிடும் என்றார்.

"ஓட்டை ஒவ்வொண்டாக் கழட்டலாம் அப்பா. அதாலைதானே களவு போனது. இதைக் கழட்டேலாது. அங்கை நாலு ஆணிதான் அடிப்பம், நான் இதுக்கு ஆறு அடிக்கப்போறன். இனி எவன் வந்தாலும் எங்கடை கூரையிலை கை வைக்கேலாது."

அப்பாவைச் சந்தோசப்படுத்தத்தான் சொன்னார். அப்பா அந்தத் தட்டைக் காலால் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு என்ரை ஓடு வந்தா, உதை என்னெண்டு கழட்டிறது?"

அண்ணை குனிந்து அந்தத் தட்டில் பட்ட மண்ணைக் கையால் துடைத்தார்.

வேலை தொடங்கியது. கைமரம் பனை. சித்தப்பா, அப்பாவின் தம்பி, உதவிக்கு ஏறினார். கைமரத்தின் மேல் பிளைவுட் அடித்து, அதன் மேல் தார்க் கடுதாசி விரித்து, நீலப் பொடி தோய்த்த நூலை இழுத்துச் சுண்டிக் கோடு போட்டு, கூரையின் அடி விளிம்பில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாக மேலே ஏறினார் அண்ணை. வாய் நிறைய ஆணி. ஒரு கையால் தட்டைச் சரித்து வைப்பார், மற்றக் கை அடித்து முடித்திருக்கும். அவர் வேலை செய்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடமும் பனிக்குள் இப்படி முழங்காலில் நின்றிருக்கிறாரே என்று நினைத்து, கீழே தேத்தண்ணீரோடு நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய இரண்டு முழங்காலும் மாட்டுத் தோல் மாதிரித் தடித்திருந்தன.

ஆனால் பனியில் பழகிய ஆளுக்கு எங்கள் வெயில் தெரியவில்லை. காலமை கொஞ்சம் ஏறியதும் கறுப்புத் தட்டு கொதிக்கத் தொடங்கிவிடும். வெறுங்காலோடு ஏறிய சித்தப்பா "கோதாரி விழ!" என்று கத்திக்கொண்டு ஏணியால் குதித்து இறங்கினார், உள்ளங்கால் பொங்கிவிட்டது. மத்தியானத்தில் தட்டு இளகி, அண்ணையின் சப்பாத்து அச்சு அப்படியே அதில் விழுந்தது. பிறகு விடியவும் பொழுது படவும் மட்டும் வேலை செய்தார்கள். வீட்டுக்குள் போய் நின்றால் பாண் சுடுகிற போறணைக்குள் தலையை விட்டதுபோல வெக்கை. அண்ணை அதைக் கண்டார். "பெரிய யன்னல் வைப்பம், காத்து வரும்," என்றார். குரலில் பழைய துடிப்பு இல்லை.

கூரை முடிந்து, நாள் பார்த்து, பால் காய்ச்சினோம். ஊர்ச் சனம் வந்து, அண்ணாந்து பார்த்து, சாப்பிட்டுப் போனது. அப்பாவும் வந்தார். பாலை ஒரு வாய் குடித்தார். பொழுதுபட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டிலுக்கு நடந்தார்.

"இஞ்சாருங்கோ, மோன் போகும் மட்டுமாவது உள்ளுக்கை படுங்கோவன்," என்று அம்மா பின்னால் போய்க் கெஞ்சினார்.

"சிங்களக் கூரைக்குக் கீழை எனக்கு நித்திரை வராது."

"அது சிங்களம் இல்லையப்பா, கண்டறியாத பேர்!" என்று நான் கத்தினேன். "நீங்கள் வேணுமெண்டுதான் செய்யிறியள்!"

"றோட்டுக்குக் கீழை படுக்கிறதுக்கு என்னை இன்னும் புதைக்கேல்லைப் பிள்ளை," என்றார். கொட்டில் படலையைச் சாத்திக்கொண்டார். அண்ணை புது வீட்டு வாசற்படியில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒட்டியிருந்த தாரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

லீவு முடிந்து அவர் போகும்வரை அப்பா உள்ளே படுக்கவில்லை. புறப்படுகிற அன்று அண்ணை கொட்டிலுக்குள் குனிந்து போய் அப்பாவின் காலைத் தொட்டார். "ஒருக்கா உள்ளுக்கை படுத்துப் பாருங்கோ அப்பா. ஒழுகினா எனக்குச் சொல்லுங்கோ." அப்பா அவருடைய தலையில் கை வைத்தார். "கவனமாப் போட்டு வா" என்று மட்டும் சொன்னார். வாகனத்தில் ஏறும்போது அண்ணை என்னிடம் சொன்னார்: "அப்பா படுத்தவுடனை எனக்குச் சொல்லு. மறந்திடாதை." 

அதற்குப் பிறகு எப்போது தொலைபேசி எடுத்தாலும், என்ன சாப்பிட்டியள், சுகமோ என்று எல்லாரும் கேட்பது போலக் கேட்க மாட்டார். "அப்பா உள்ளுக்கை படுத்தவரோ?" என்பதுதான் முதல் கேள்வி. நான் "இன்னும் இல்லை அண்ணை" என்பேன். "சரி, சரி," என்பார். அந்த இரண்டு "சரி"யும் என் காதுக்குள் கிடந்து அறுக்கும். அப்பாவிடம் போய்ச் சண்டை பிடிப்பேன். அவர் தன் பாட்டுக்குச் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்க ஏலாமல், "உங்களுக்கு உங்கடை பிள்ளையிலும் பார்க்க ஓடு பெரிசோ?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சுற்றிய சுருட்டு கையில் பிரிந்து போனது. அதற்குப் பிறகு நானும் அந்தக் கதையை விட்டுவிட்டேன்.

சமாதானம் முறிந்தது. பாதை பூட்டினார்கள். சீமெந்து இல்லை, ஆணி இல்லை, மா, சீனிக்கே வரிசை. தொலைபேசி ஒருநாள் வேலை செய்தால் பல நாள் செத்துக் கிடக்கும். பனங்காணிப் பக்கம் போய் ஓலை வெட்டவும் பயம், ஆகவே கொட்டிலுக்குப் புது ஓலை வேயவில்லை. அந்த மாரி மழை தொடங்கியபோது அப்பாவுக்கு முட்டு வந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கால்கள் வீங்கியிருந்தன. கொட்டில் நாலு பக்கமும் ஒழுகியது. பாயை அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் இழுத்தபடி கிடந்தார். உள்ளே வாருங்கோ என்று கேட்கவே எங்களுக்குப் பயமாக இருந்தது. கேட்டால் வீம்புக்காகவே வராமல் விட்டுவிடுவார்.

ஒருநாள் பின்னேரம் மழை அடித்துக் கொட்டியது. நானும் அம்மாவும் நடு அறையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். வாசலில் நிழல் விழுந்தது. அப்பா. ஒரு கையில் பொல்லு, மற்றக் கையில் நனைந்த பாய். நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். அப்பா எங்களைப் பார்க்காமல், சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, நடு அறையில் பாயை விரித்து இருந்தார். மூச்சு வாங்கியது. அண்ணாந்து பலகையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"மழை விட்டிட்டுதோ?" என்றார்.

"இல்லையப்பா, பெய்யுது."

அவர் நம்பவில்லை. ஓட்டுக்கும் ஓலைக்கும் பழகிய காது. அந்தத் தடித்த கூரையில் மழை விழுகிற சத்தம் உள்ளே வராது. எழும்பி யன்னலால் கையை நீட்டிப் பார்த்தார். கை நனைந்து வந்தது. அந்த ஈரக் கையோடு அறை முழுக்க ஒரு சுற்று நடந்தார், ஒவ்வொரு மூலையாக நின்று நின்று, மேலே பார்த்தபடி.

"ஒரு இடமும் ஒழுகேல்லை," என்றார். வந்து படுத்தார். படுத்த கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது.

அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதார். நான் குடையை எடுத்துக்கொண்டு சந்தியில் இருந்த தொலைபேசிக் கடைக்கு ஓடினேன். லைன் இல்லை. மறுநாள் போனேன், இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. கடைக்காரர் என்னைத் தெருவில் கண்டதுமே இல்லையென்று தலையை ஆட்டுவார். அந்தப் பெட்டியைத் தூக்கி நிலத்தில் அடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. வயிற்றுக்குள் இவ்வளவு பெரிய சந்தோசத்தை வைத்துக்கொண்டு அண்ணைக்குச் சொல்ல முடியாமல் திரிந்தேன். அப்பா அதற்குப் பிறகு கொட்டிலுக்குப் போகவில்லை. எழும்பவும் இல்லை. மழையோடு மழையாக, ஒரு விடியற்காலை, நடு அறையிலேயே அடங்கிப்போனார்.

சித்தப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்தார், திருப்பியும் பார்த்தார். "பஞ்சமி," என்றார். வந்திருந்த சனத்தின் முகம் இருண்டது. கூடாத ஐந்து நட்சத்திரங்களில் ஒன்றில் நடக்கிற சாவை எங்கள் பக்கத்தில் பஞ்சமிச் சாவு என்பார்கள். அது தனியப் போகாது, துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போகும் என்று பயம். அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது: ஆள் செத்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டைக் கழற்றி, வானம் தெரிய விட வேண்டும், உயிர் அதால் போய்விடும். ஓட்டு வீட்டில் ஒருவர் ஏணி வைத்து ஏறினால் ஆன வேலை.

சித்தப்பா தட்டுகளைக் கிளப்ப அலவாங்கோடு ஏறினார். கீழே, அப்பாவின் தலைமாட்டில் இருந்த எங்களுக்கு மேலே நங்கு நங்கென்று கேட்டது. இறங்கி வந்தபோது கையெல்லாம் கறுப்பு. "ஏலாது பிள்ளை. வெயிலுக்கை உருகி ஒட்டி ஒரே பாறையாப் போச்சு. கிளப்பக் கிளப்ப ஆணி. வாளாலை அறுக்கிறதெண்டாத்தான். அறுத்தா, மூட ஒரு சாமானும் ஊரிலை இல்லை."

"ஒண்டும் வெட்ட வேண்டாம்," என்றார் அம்மா. "உள்ளுக்கை வரவே இவ்வளவு காலம் எடுத்த மனுசன். வந்து படுத்தவுடனை ஏன் வெளியிலை கலைக்கிறியள்?"

ஆனால் அயலுக்குள் குழந்தை குட்டிகள் இருந்தன, சனம் பயந்தது, அதையும் குறை சொல்ல ஏலாது. கடைசியில் சித்தப்பா என்னைப் பார்த்து, "போட்டவனைக் கேள்," என்றார். செத்த செய்தியும் சொல்லத்தானே வேண்டும். நான் சந்திக்கு நடந்தேன். அன்றைக்கென்று லைன் இருந்தது.

அண்ணைதான் எடுத்தார். சொன்னேன். பாதை இல்லை, வர ஏலாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை நாங்கள் பேசவில்லை. பிறகு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல், கேட்டுவிட்டேன்: "அண்ணை, கூரையை வெட்டவேணுமாம். என்னெண்டு வெட்டிறது?"

"ஏன் வெட்ட?"

"பஞ்சமியாம்."

"அதுக்கேன் வீட்டுக் கூரை? கொட்டில் ஓலையைத்தானே..." என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். "பிள்ளை. அப்பா எங்கை செத்தவர்?"

"நடு அறையிலை."

"நீங்கள் தூக்கிக்கொண்டு போய்க் கிடத்தினியளோ?"

"இல்லை அண்ணை. தானா நடந்து வந்தவர். பாயும் கொண்டு வந்தவர்." மழையைச் சொன்னேன். யன்னலால் கை நீட்டியதைச் சொன்னேன். ஒரு இடமும் ஒழுகேல்லை என்று அவர் சொன்னதைச் சொன்னேன்.

"திருப்பிச் சொல்லு," என்றார்.

சொன்னேன்.

"இன்னொருக்காச் சொல்லு."

கடைக்காரர் எழும்பி வெளியே போய்விட்டார். நான் சுவரோடு தலையை வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன். அண்ணை மூக்கை உறிஞ்சினார். பிறகு அவருடைய வேலைக் குரல் வந்தது. கீழேயிருந்து கிளப்ப ஏலாது, முகட்டிலிருந்து தொடங்கச் சொல்லு என்றார். வெயில் இல்லாத நேரம் நல்லது, தட்டு இறுகியிருக்கும், வாள் ஒட்டாது. கைமரத்தில் வாள் படாமல் இரண்டு மரத்துக்கும் நடுவில் வெட்டச் சொல்லு. அப்பாவின் தலைக்கு நேரே என்றால், சுவரிலிருந்து எத்தனையாவது மரம் என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அண்ணை, வெட்டினா ஒழுகும். மூட இஞ்சை ஒண்டும் இல்லை. வீடு பழுதாப் போகும்."

"ஒழுகட்டும்," என்றார். "அப்பாவுக்குத்தானே போட்டனான்."

லைன் அறுந்தது. கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். தூறிக்கொண்டிருந்தது, குடையை விரிக்க மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் இருந்து, அண்ணை சொன்னதை அவருடைய காதுக்குள் சொன்னேன். அம்மா சரியென்று தலையை ஆட்டினார். சித்தப்பா வாளை எடுத்துக்கொண்டு ஏறினார்.